வெதுநீரின் விலை

20 டிகிரி செல்சியஸ். ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் குளிர்காலத்தை நடத்துகிற எண் இது. தண்ணீர் இதற்குக் கீழே இறங்கி அப்படியே சில நாள் நின்றுவிட்டால் மானட்டி எனப்படும் கடல்பசு நோயில் விழும். தோலில் புண் வரும், மேய்ச்சல் நிற்கும், கடைசியில் உயிரும் போகும். 3 மீட்டர் நீளம், 450 கிலோ எடை என்று உடம்பு பெரிதுதான். ஆனால் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் தடித்த கொழுப்பு இதற்குக் கிடையாது. அதனால் நவம்பர் பிறந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடி ஊற்றுகளுக்கும் ஆற்று முகங்களுக்கும் கிளம்பிவிடும்.

அதே மாதங்களில் மனிதர்களும் கிளம்புகிறார்கள். சிகாகோவில் ஜனவரிப் பகலின் உச்ச வெப்பம் சராசரியாக 0 டிகிரியை ஒட்டி நிற்கும். ஃபோர்ட் மையர்ஸில் அது 24 டிகிரி. வட மாநிலங்களில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் டிசம்பர் விடுமுறையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே இறங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஆர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் மேற்கே ஓட்டினால் கிடைப்பது வேறு உலகம். கடல்பசு, செங்கரண்டிவாயன், முதலை, நாயளவு மான், படகில் மட்டுமே போகக்கூடிய தீவுகள். இந்தக் கட்டுரை அந்த வழிக்கான கணக்கு.

கணக்கு என்றால் இரண்டு. நாம் கட்டும் கட்டணம் ஒன்று. அது வியக்கத்தக்க அளவு சிறியது. அந்த உயிர்கள் இன்னும் அங்கே இருப்பதற்காகப் பலர் கட்டியதும் இன்று வரை கட்டிக்கொண்டிருப்பதும் மற்றொன்று. நுழைவுச் சீட்டில் அச்சாகாத அந்த இரண்டாம் கணக்கைத் தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் கண் முன்னால் இருப்பது முழுதாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

வழி இது: வடக்கே கிரிஸ்டல் ரிவர், அங்கிருந்து தம்பா விரிகுடாவின் கரையில் அப்பல்லோ பீச், பிறகு சானிபெல் தீவு, எவர்கிளேட்ஸ், கடைசியாகக் கீ வெஸ்ட். மொத்தம் 800 கிலோமீட்டர் அளவில் வரும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் 67 லிட்டர் பெட்ரோல். கேலனுக்கு 3.25 டாலர் என்று வைத்துக்கொண்டால் 58 டாலர். செலவில் பெரும்பங்கை விழுங்குவது தங்கும் அறைதான். டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை அங்கே உச்ச பருவம். சானிபெல் இருக்கும் லீ மாவட்டத்தில் அறை வாடகை 100 டாலர் என்றால் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்து 11.50 டாலர் மேலே ஏறும். முன்பதிவுப் பக்கத்தில் முதலில் தெரிகிற விலையில் இது பெரும்பாலும் இருக்காது.

கிரிஸ்டல் ரிவரில் கிங்ஸ் பே என்ற சிறிய விரிகுடாவின் அடியில் 70-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் அந்தத் தண்ணீர் வருடம் முழுக்க 22 டிகிரி. கோடையில் அது குளிர்ச்சி. வெளியே மெக்சிகோ வளைகுடா 15 டிகிரிக்கு இறங்கும் ஜனவரியில் அதுவே உயிர் காக்கும் வெப்பம். இரண்டு டிகிரி வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கான கடல்பசுக்களின் குளிர்காலம் நிற்கிறது. 1983-ல் இங்கே ஏற்படுத்தப்பட்டதுதான் மானட்டிக்கென்றே அமெரிக்காவில் உள்ள ஒரே தேசிய வனவிலங்குப் புகலிடம்.

இங்கே த்ரீ சிஸ்டர்ஸ் என்ற ஊற்றுத் தொகுதியைச் சுற்றி மரத்தாலான நடைமேடை போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் பெரியவருக்கு 20 டாலர் அளவில் கட்டணம். நால்வர் குடும்பத்துக்கு 55, 60 டாலர் ஆகும். மேலே நின்று குனிந்தால் கண்ணாடிபோன்ற நீலத் தண்ணீருக்குள் தாயும் கன்றும் அடியில் படுத்திருப்பதும் மூச்சுக்காக மெல்ல மேலே வருவதும் தெரியும். அந்த 57 ஏக்கரில் ஒரு காலத்தில் வீடுகள் கட்டத் திட்டம் இருந்தது. 2010-ல் பொதுப்பணமும் நன்கொடையும் சேர்த்து 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு நிலத்தை வாங்கினார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 84 ஆயிரம் டாலர். நம் 20 டாலர் சீட்டின் பின்பக்கம் இருப்பது இந்தத் தொகை.

மானட்டியோடு சேர்ந்து தண்ணீரில் நீந்த அமெரிக்காவில் சட்டப்படி அனுமதி உள்ள இடமும் இந்த வட்டாரம்தான். படகுக்காரர்கள் நீச்சல் உடை, மூச்சுக்குழாய், வழிகாட்டி எல்லாம் சேர்த்து அழைத்துப் போகிறார்கள். கடுங்குளிர் நாள்களில் ஊற்றுகளை நீந்துவோருக்கு மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால் குளிர் நாளில் நடைமேடையே போதும் என்பேன். மிதந்துகொண்டிருக்கும் மனிதக் கூட்டத்தைக் கண்டு ஒரு கடல்பசு ஊற்றை விட்டு வெளியேறினால் அது போய்ச் சேருவது 15 டிகிரித் தண்ணீரில். நமக்கு அது பத்து நிமிட மகிழ்ச்சி. அதற்கு அன்றைய உடல்வெப்பம்.

அடுத்த நிறுத்தத்துக்குக் கட்டணமே இல்லை. அப்பல்லோ பீச்சில் தம்பா எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பிக் பெண்ட் அனல்மின் நிலையம் இருக்கிறது. இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடலிலிருந்து எடுத்த தண்ணீரைச் சூடேறிய நிலையில் ஒரு கால்வாய் வழியே திரும்ப விடுகிறார்கள். விரிகுடா குளிர்ந்ததும் கடல்பசுக்கள் அந்தக் கால்வாய்க்குள் வந்து நிறைந்துவிட்டன. 1986-ல் நிறுவனம் அங்கே பார்வையிடும் மையத்தைத் திறந்தது. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாம். புகைபோக்கிகளுக்குக் கீழே நூறு கடல்பசுக்கள் கிடப்பதைப் பார்க்க முதலில் மனம் ஒப்பாது. ஆனால் உண்மை நிலவரம் அதுதான். ஃப்ளோரிடா மானட்டிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படி மின் நிலையங்களின் வெந்நீரை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. தாயிடமிருந்து கன்று வழியைக் கற்றுக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக அதே கால்வாய்க்கு வருகிறது. பழைய நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது இந்த 60 சதவீதம் எங்கே போகும் என்பதுதான் இனி வரப்போகும் செலவு. அணைகளாலும் கட்டடங்களாலும் வழியடைபட்ட இயற்கை ஊற்றுகளைத் திறந்துவிடுவது ஒன்றே நிலையான விடை, அதற்கு வருடக்கணக்காகும். குளிர் எவ்வளவு கொடியது என்பதற்கு 2010-ஐப் பார்த்தால் போதும். நீண்டு நின்ற குளிரலை வந்த அந்த ஆண்டில் 766 மானட்டிகள் இறந்தன.

அந்த எண்ணை 2021 தாண்டியது: 1,100. அந்த முறை முதல் குற்றவாளி குளிர் அல்ல, பட்டினி. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் லகூன் என்ற நீண்ட காயலில் கழிவுநீரும் உரக்கழிவும் வருடக்கணக்காகச் சேர்ந்து பாசி பெருத்தது. பாசி வெளிச்சத்தை மறைத்தது. வெளிச்சம் இல்லாமல் கடற்புல் செத்தது. வெப்பத்துக்காகக் காயலுக்கு வந்த கடல்பசுக்கள் சுற்றிலும் மேய ஒன்றும் இல்லாமல், குளிருக்குப் பயந்து தொலைவு போகவும் முடியாமல் மெலிந்து செத்தன. 2022-ல் 800, 2023-ல் 555 என்று சாவு குறைந்தது.

பட்டினிச் சாவுகள் தொடர்ந்தபோது அரசு வழக்கத்துக்கு மாறான ஒரு முடிவெடுத்தது. காட்டு விலங்குக்குக் கையால் தீனி போடக்கூடாது என்ற விதியை ஒதுக்கி வைத்துவிட்டு, நன்கொடைப் பணத்தில் லெட்டூஸ் கீரை வாங்கிப் போட்டார்கள். 2021–22 குளிர்காலத்தில் 2 லட்சத்து 2 ஆயிரம் பவுண்டு, அதாவது 92 டன். அடுத்த குளிர்காலத்தில் ஏறத்தாழ 4 லட்சம் பவுண்டு, 181 டன். இரண்டும் சேர்ந்து 273 டன்.

273 டன் கேட்பதற்குப் பெரிய அளவு. ஒரு மானட்டி தன் எடையில் 4 முதல் 9 சதவீதம் ஒரு நாளைக்குத் தின்னும். 450 கிலோ விலங்குக்கு அது 18 முதல் 40 கிலோ. 2021–22 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்த மானட்டிகள் 8,350-லிருந்து 11,730 வரை என்று மதிப்பிட்டார்கள். குறைந்த எண்ணையும் குறைந்த தீனியையுமே எடுத்துக்கொள்வோம்: 8,350 விலங்கு, தலைக்கு 18 கிலோ, ஒரு நாளைக்கு 150 டன். இரண்டு குளிர்காலம் போட்ட கீரை முழுவதும் அத்தனைக்கும் பகிர்ந்தால் இரண்டு நாளைக்குக்கூட வராது. கீரை போட்டவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் போட்டது ஒரே இடத்தில் கூடி நின்ற, சாகக் கிடந்த விலங்குகளுக்கு. அதில் பல பிழைத்திருக்கும். கடற்புல் இலவசமாகச் செய்துவந்த வேலையின் அளவு என்ன என்பதை இந்தப் பெருக்கல் காட்டுகிறது, அவ்வளவுதான். கிரிஸ்டல் ரிவரில் இப்போது விரிகுடாவின் அடியிலிருந்து பாசிச் சேற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புல்லை நாற்றுப்போல நட்டுவருகிறார்கள். அங்கே மானட்டிகள் மேய்வதைப் பார்க்கிறவர் பார்ப்பது பாதி நட்ட வயல்.

இதைப் படிக்கும் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்துக்காரர்களுக்கு ஆவுளியா நினைவுக்கு வந்திருக்கும். மானட்டிக்கு உறவுக்கார விலங்கு அது. கடற்புல்லையே நம்பி வாழ்வது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இதுவே முதல். அந்தப் பரப்புக்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் வெளி இருக்கிறது. ஃப்ளோரிடாவில் எண்ணாயிரத்துக்குக் குறையாமல் மானட்டி இருக்க, இந்தியக் கடல் முழுவதும் ஆவுளியா சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. புல் செத்த பிறகு நடுவதற்கு ஆகும் செலவை ஃப்ளோரிடா காட்டிவிட்டது. நமக்கு இன்னும் புல் இருக்கிறது.

மீண்டும் ஃப்ளோரிடாவுக்கு வருவோம். அப்பல்லோ பீச்சிலிருந்து தெற்கே 200 கிலோமீட்டர் போனால் சானிபெல். கடல்மேல் பாலச்சாலை வழியே தீவுக்குள் நுழையச் சுங்கம் 6 டாலர். வெளியே வரும்போது இல்லை. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி இதற்கு அருகிலுள்ள கயோ கோஸ்டா தீவில் கரையேறியது. பாலச்சாலை பல இடங்களில் அறுந்து சானிபெல் துண்டாகிப் போனது. மூன்று வாரத்தில் சாலையைத் திரும்பத் திறந்தார்கள். அந்தப் புயலின் மொத்தச் சேதம் 11,000 கோடி டாலருக்கு மேல். இன்று போகிறவர் சில இடங்களில் வெறும் அஸ்திவாரங்களைக் காணலாம். கடற்கரையில் சிப்பி பொறுக்குவது இந்தத் தீவின் புகழ். வெறும் கூட்டை மட்டும் எடுக்கலாம். உள்ளே உயிர் இருக்கும் சிப்பியை எடுக்க 1995 முதல் தடை. மாநிலச் சட்டப்படி முதல் முறைக்கே 500 டாலர் வரை அபராதமும் 60 நாள் வரை சிறையும் உண்டு. குழந்தைகளிடம் காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தீவின் ஒரு பக்கம் முழுக்க டிங் டார்லிங் வனவிலங்குப் புகலிடம். 6.4 கிலோமீட்டர் சாலையில் காரில் மெதுவாகப் போகலாம். காருக்கு 10 டாலர், நடந்தோ சைக்கிளிலோ போனால் 1 டாலர், வெள்ளிக்கிழமை விடுமுறை. நீர் வற்றும் நேரத்தில் போக வேண்டும். அலையாத்தி வேர்களுக்கு நடுவே சேறு தெரியும்போதுதான் செங்கரண்டிவாயன்களும் கொக்குகளும் இறங்கும். புகலிடத்துக்குப் பெயர் தந்த ஜே. என். டார்லிங் ஒரு கேலிச்சித்திரக்காரர். இரண்டு முறை புலிட்சர் பரிசு வாங்கியவர். 1934-ல் முதல் வாத்து முத்திரைக்கான படத்தை வரைந்தவரும் அவரே. நீர்ப்பறவை வேட்டையாடுகிறவர் கட்டாயம் வாங்க வேண்டிய அந்த முத்திரைக்கு அன்று விலை 1 டாலர், இன்று 25 டாலர். வேட்டையே ஆடாதவரும் அதை வாங்கலாம். கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் அது நுழைவுச் சீட்டாகவும் செல்லும். அந்தப் பணத்தில் ஒரு டாலருக்கு 98 சென்ட் நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரட்டி 60 லட்சம் ஏக்கர் சதுப்பு நிலத்தைக் காத்திருக்கிறார்கள். இந்த வழியில் நான் மனமார வாங்கச் சொல்லும் ஒரே பொருள் இந்த 25 டாலர் முத்திரை.

ஏனென்றால் இந்தப் பறவைகளுக்கு முன்பு இருந்த விலை வேறு. 1903-ல் பெண்களின் தொப்பிக்காக வேட்டைக்காரர்களுக்குக் கொடுத்த விலை, ஓர் அவுன்ஸ் கொக்கிறகுக்கு 32 டாலர். அன்று ஓர் அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர். இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த அழகிய இறகு முளைக்கும், அப்போதுதான் சுடுவார்கள், கூட்டிலிருந்த குஞ்சுகள் பட்டினியில் செத்தன. தங்கத்தைவிட விலை கூடிய அந்தச் சரக்கைக் காக்க, எவர்கிளேட்ஸின் தென்முனையில் ஃப்ளெமிங்கோ கிராமத்தைச் சேர்ந்த கை பிராட்லி 1902-ல் காவலராக வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 35 டாலர். ஓர் அவுன்ஸ் இறகின் விலையைவிட 3 டாலர் கூடுதல். 1905 ஜூலை 8 அன்று பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தவர்களைத் தடுக்கப் படகில் போன அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 35. சுட்டவர்மேல் விசாரணைக்கே நடுவர் குழு ஒப்பவில்லை. அந்தச் சாவு கிளப்பிய கோபமும் இறகு வணிகத்துக்கு எதிராகப் பின்னால் வந்த சட்டங்களுக்கு ஒரு காரணம். இன்று 10 டாலருக்கு நாம் பார்க்கும் கொக்குகள் அந்த 35 டாலர் சம்பளக்காரர் விட்டுப்போன சொத்து.

சானிபெலுக்கு அருகே இயன் கரையேறிய கயோ கோஸ்டா தீவுக்குப் பாலம் கிடையாது. நுழைவு தலைக்கு 2 டாலர். படகுக் கூலி அதைப்போலப் பல மடங்கு. 14 கிலோமீட்டர் மணற்கரையில் கடையோ ஹோட்டலோ எதுவும் இல்லை. சோறு, தண்ணீர் எல்லாம் கையில் கொண்டுபோக வேண்டும்.

எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குக் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். கொசு குறைவு, நீர் வற்றி மீனும் பறவையும் முதலையும் குட்டைகளில் கூடிவிடும். அகன்ற மூக்குள்ள அலிகேட்டரும் கூர்மூக்கு முதலையும் இயற்கையாக ஒரே இடத்தில் வாழ்வது உலகில் இங்கேதான். ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2026 ஜனவரி முதல் இந்தப் பூங்கா உள்பட 11 பூங்காக்களில் அமெரிக்காவில் வசிக்காதவர்களில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100 டாலர். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். அப்பா அம்மா இருவர், இந்த ஒரு பூங்கா மட்டும் என்றால் 200 டாலர் கட்டிவிடலாம். அதே ஆண்டில் கிராண்ட் கேன்யனோ யோசெமிட்டியோ போவதாக இருந்தால் ஆண்டுச் சீட்டுதான் லாபம்.

அமெரிக்காவில் வசிக்கும் நால்வர் குடும்பத்துக்கு இதுவரை விலங்குகளையும் தீவுகளையும் பார்க்க ஆன செலவு, படகுக் கூலி நீங்கலாக:

த்ரீ சிஸ்டர்ஸ் — 55 முதல் 60
பிக் பெண்ட் — 0
சானிபெல் சுங்கம் — 6
டிங் டார்லிங் — 10
கயோ கோஸ்டா — 8
எவர்கிளேட்ஸ் — 35

மொத்தம் 120 டாலருக்குள். ஆர்லாண்டோவில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குள் ஒரே ஒருவர் ஒரு நாள் போகவே இதற்கு மேல் ஆகலாம்.

கீ வெஸ்ட் நோக்கிப் போகும் 182 கிலோமீட்டர் கடல்சாலையில் 42 பாலங்கள். சுங்கம் இல்லை. நடுவே பிக் பைன் தீவில் கீ மான்கள் உள்ளன. தோள் உயரம் 60 முதல் 80 சென்டிமீட்டர். 1950-களில் சில பத்து மட்டுமே மிஞ்சியிருந்தன. 1957-ல் புகலிடம் அமைத்த பிறகு நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றைக் கொல்வதில் முதலிடம் வாகனங்களுக்கு. அதனால் அங்கே இரவு வேக வரம்பு மணிக்கு 56 கிலோமீட்டர். தயவுசெய்து அதற்கும் கீழே போங்கள்.

கடைசித் தீவுதான் செலவாளி. கீ வெஸ்டிலிருந்து மேற்கே 113 கிலோமீட்டர் கடலுக்குள் டிரை டொர்டுகஸ் தேசியப் பூங்கா. பரப்பு 259 சதுர கிலோமீட்டர். அதில் 99 சதவீதம் தண்ணீர், மிச்சம் ஏழு சிறு தீவுகள். ஆமைகள் நிறைந்திருந்ததால் 1513-ல் ஸ்பானிய மாலுமி போன்ஸ் தே லியோன் வைத்த பெயர். குடிதண்ணீர் இல்லை என்பதற்காக முன்னால் 'டிரை' சேர்ந்தது. 1846-ல் தொடங்கி முப்பது வருடம் கட்டியும் முடியாமல் போன ஜெஃபர்சன் கோட்டையில் 1 கோடியே 60 லட்சம் செங்கல். பூங்காக் கட்டணம் தலைக்கு 15 டாலர். படகுக் கட்டணம் பெரியவருக்கு 200 டாலருக்கு மேல். பூங்காக் கட்டணமும் காலை, மதிய உணவும் மூச்சுக்குழாயும் அதில் அடக்கம். போக இரண்டே கால் மணி நேரம், வர அதே அளவு. நால்வருக்கு 700 டாலருக்குக் குறையாது. அதுவரை பார்த்த எல்லாவற்றையும் போல ஆறு மடங்கு. பணம் முழுக்க எண்ணெய்க்கும் படகுக்கும் போகிறது, தீவுக்குப் போவது 15 டாலர்தான்.

பணம் குறைவென்றால் இதை விட்டுவிடலாம். மற்ற இடங்கள் மனதை நிறைத்துவிடும். முடிந்தவர்கள் பிப்ரவரிக்கு மேல் போவது நல்லது. அங்குள்ள புஷ் கீ தீவில் முட்டையிட ஒரு வகை ஆலாக் கடற்பறவைகள் வரத் தொடங்கியிருக்கும். பருவம் உச்சத்துக்கு வரும்போது 80,000-லிருந்து 1 லட்சம் வரை கூடும். அமெரிக்கப் பெருநிலத்தை ஒட்டி இந்த இனம் பெருங்கூட்டமாக முட்டையிடும் இடம் இது ஒன்றே. அந்த மாதங்களில் அந்தத் தீவில் கால்வைக்கத் தடை. கோட்டை மதிலிலிருந்து பார்க்க வேண்டும். இரவு தங்க விரும்புகிறவருக்குக் கூடாரம் போடும் இடம் ஒரு இரவுக்கு 15 டாலர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் குடிதண்ணீர் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நால்வர் இரண்டு இரவு, மூன்று பகல் என்றால் 46 லிட்டர். குப்பையையும் நாமே திரும்ப எடுத்து வர வேண்டும். கூடாரக்காரர்களுக்குப் படகில் இடம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது.